காய்ஞ்ச மாங்கிளைக்குள்ள ஒரு பூஞ்சை: அதுதான் கொன்னுச்சா?

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்திருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

மரக்கிளை நுனியிலேர்ந்து காய்ஞ்சுக்கிட்டே கீழ இறங்குற நோயைப் பத்தித்தான் இன்னிக்கு எபிசோடு. மா, கொய்யா, பலா, முந்திரி, எலுமிச்சைன்னு நமக்குத் தெரிஞ்ச பழமரம் நிறைய இதுல மாட்டும். நான் மாமரத்தை வச்சுத்தான் பேசப் போறேன். ஏன்னா வந்த கேள்வி மாமரத்தைப் பத்தினது.

காலடிப்பேட்டையிலேர்ந்து ஒரு அக்கா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "தம்பி, இது எங்க மாமியார் நட்ட மரம், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப அவங்க இல்ல. போன வருஷம் உச்சியில ரெண்டு கிளை காய்ஞ்சுது, இந்த வருஷம் நாலாச்சு. வீட்டுக்காரரு வெட்டிடலாம்ங்கிறாரு. நர்சரிக்காரரு பூஞ்சைன்னு சொல்லி ஒரு மருந்து குடுத்தாரு. பக்கத்து வீட்டுப் பெரியவரு, 'அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, கீழ தண்ணி உப்பு'ங்கிறாரு. யார் சொல்றது சரி?"

நான் கோடு எழுதற ஆளு, விவசாயம் படிச்சவன் இல்ல. ஆனா இந்தக் கேள்வியைக் கேட்டதும் எங்க வேலையில தினமும் நடக்கிற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. சர்வர் விழுந்துடும். லாக்ல கடைசியா ஒரு எரர் இருக்கும். புதுசா சேர்ந்தவங்க அந்தக் கடைசி வரியைத்தான் காரணம்னு காட்டுவாங்க. உண்மையான காரணம் பல நேரம் ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி, வேற எங்கயோ இருக்கும். காய்ஞ்ச கிளையில பூஞ்சை கிடைக்கிறதும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். பூஞ்சை அங்க இருக்கு, அதுல சந்தேகமே இல்ல. கிளையைக் கொன்னது அதுதானாங்கிறது தனிக் கேள்வி. மரத்தை வெட்டறதா வேண்டாமான்னு முடிவு பண்ண, இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்த்தே ஆகணும்.

முதல்ல கண்ணுக்கு என்ன தெரியுது

நுனிக்கருகல்னு சொல்வாங்க, சில புத்தகத்துல பின்கருகல்னும் இருக்கும். மாமரத்துல இது எப்படித் தெரியும்னா, கிளை நுனியில இருக்கிற இலை ஓரம் சுருண்டு, பழுப்பா மாறி, காய்ஞ்சு போகும். காய்ஞ்ச இலை உடனே உதிராது, கொஞ்ச நாள் அப்படியே தொங்கும். தூரத்துலேர்ந்து பார்த்தா பச்சை மரத்துல ஒரு கிளையை மட்டும் தீயில வாட்டின மாதிரி இருக்கும்.

கிட்டப் போய்ப் பார்த்தா பட்டை கருத்திருக்கும். அங்கங்க பிசின் சொட்டு சொட்டா வடிஞ்சு உறைஞ்சிருக்கும். கிளையை நீளவாக்குல பிளந்தா, உள்ள மரக்கட்டையில பழுப்புக் கோடு ஓடும். அது மரத்தோட தண்ணிக்குழாய் போற பாதை. வேர்லேர்ந்து இலைக்குத் தண்ணி ஏத்துற குழாய் அடைபட்டா, அதுக்கு மேல இருக்கிறது எல்லாம் காயும். நுனி முதல்ல காயறதுக்கு இதுதான் காரணம்.

மழை பெய்ஞ்ச பிறகு செத்த பட்டை மேல ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளிகள் முளைக்கும். தடவினா சொரசொரன்னு இருக்கும். பூஞ்சையோட வித்துகள் அந்தப் புள்ளிக்குள்ளதான் உருவாகுது. மழைத்துளி தெறிக்கும்போது அங்கேர்ந்து அடுத்த கிளைக்குப் போகும்.

பேரும் ஊரும்

இந்த நோயில அதிகமா பேர் அடிபடுற பூஞ்சை லாசியோடிப்ளோடியா தியோப்ரோமே. வாயில நுழையாதுதான், ஆனா இன்னிக்கு முழுக்க இதைத்தான் பேசப் போறோம், அதனால சுருக்கமா லாசியோன்னு வச்சுக்கலாம். தியோப்ரோமாங்கிறது கோகோ மரத்தோட அறிவியல் பேரு. தென்னமெரிக்காவுல ஈக்வடார் நாட்டுக் கோகோவுலேர்ந்து கிடைச்ச மாதிரியை வச்சு, 1892-ல பிரான்ஸ் நாட்டு பூஞ்சையியலாளர் பத்தூயார்ங்கிறவரு இதை விவரிச்சாரு. அப்போ வச்ச பேரு பொட்ரியோடிப்ளோடியா. 1909-ல இப்போ இருக்கிற பேருக்கு மாறுச்சு. பழைய தமிழ் வேளாண் புத்தகங்கள்ல பொட்ரியோடிப்ளோடியான்னு பார்த்தீங்கன்னா குழம்பாதீங்க, ரெண்டும் ஒரே ஆளுதான்.

கோகோ பேரை வச்சிருக்கே தவிர, இது கோகோவோட நிக்கல. வெப்பமான நாடுகள்ல சுமார் 500 வகைச் செடி, மரங்கள்ல இதைப் பார்த்திருக்காங்க. வாழைத்தார் சீப்பழுகல், மரவள்ளிக்கிழங்கு கருப்பழுகல், முந்திரிக் கிளைக் கருகல், திராட்சைக் கொடிக் கருகல்னு எல்லா இடத்துலயும் இருக்கு. 30 டிகிரியை ஒட்டின வெயில் இதுக்கு ரொம்பப் பிடிக்கும். அதாவது நம்ம ஊரு.

இந்தியாவுல மாமர நுனிக்கருகலை ஒழுங்கா ஆராய ஆரம்பிச்சு ரொம்ப காலம் ஆச்சு. லக்னோ பல்கலைக்கழகத்து எஸ். என். தாஸ்குப்தாவும் சகரியாவும் 1945-லேயே இந்த நோயைப் பத்திக் கட்டுரை போட்டிருக்காங்க. பின்னாடி உத்தரப் பிரதேசத்துல மொராதாபாத் வட்டாரத்துல 30 முதல் 40 சதவீதம் தோட்டங்கள் பாதிக்கப்பட்டதா பதிவாகியிருக்கு. ஆக இது ஒரு தெருவோட பிரச்சினை இல்ல. மாம்பழத்தை நம்பி இருக்கிற பெரிய வட்டாரங்களையே ஆட்டின நோய்.

இதுவரைக்கும் கேட்டா நர்சரிக்காரர் சொன்னது சரின்னு தோணும். பூஞ்சை, பேர் இருக்கு, பதிவு இருக்கு, மருந்து அடிச்சா முடிஞ்சுது. கதை இங்கதான் திரும்புது.

நல்லா இருக்கிற கிளையிலயும் அதே பூஞ்சை

மாம்பழம் வாங்கிட்டு வந்து நாலு நாள் வச்சிருப்போம். பழம் முழுக்க மஞ்சளா பளபளன்னு இருக்கும், காம்பைச் சுத்தி மட்டும் ஒரு கறுப்பு வட்டம் வரும். அடுத்த நாள் அது ரெண்டு மடங்காகும். அறுத்துப் பார்த்தா உள்ள கொழகொழன்னு இருக்கும். இதைக் காம்பழுகல்னு சொல்வாங்க. வெயில் ஊர்கள்ல இதை உண்டாக்குற பூஞ்சைகள்ல முக்கியமானது நம்ம லாசியோதான்.

இது காம்புக்குள்ள எப்படி வந்துச்சு? கூடையில ஒட்டினதா, கடைக்காரர் கையா? 1990-களோட தொடக்கத்துல ஆஸ்திரேலியாவுல ஜான்சன் குழுவினர் மாமரத்துக் கிளைகளை எடுத்து, மேல்புறத்தைச் சுத்தமாக் கிருமிநீக்கம் பண்ணிட்டு, உள் திசுவை மட்டும் வளர்த்துப் பார்த்தாங்க. வெளியில எந்த நோயும் காட்டாத கிளைக்குள்ளயே காம்பழுகல் பூஞ்சைகள் இருந்துச்சு. பூ வரும்போது அது பூங்கொத்துக்குள்ள போகுது, அங்கேர்ந்து காய்க்காம்புக்குப் போகுது. காய் பச்சையா இருக்கிற வரைக்கும் சும்மா இருக்கும். பழுக்கும்போது காயோட எதிர்ப்பு குறையும், அப்பதான் இது கிளம்பும்.

இப்படிச் செடிக்குள்ள நோய் எதுவும் காட்டாம குடியிருக்கிற பூஞ்சையை எண்டோஃபைட்னு சொல்றாங்க. தென்னாப்பிரிக்காவுல பிரிட்டோரியா பல்கலைக்கழகத்து பெர்னார்ட் ஸ்லிப்பர்ஸும் மைக்கேல் விங்ஃபீல்டும் 2007-ல ஒரு பெரிய தொகுப்புக் கட்டுரை எழுதினாங்க. லாசியோ இருக்கிற குடும்பத்துக்குப் பேரு பொட்ரியோஸ்பேரியேசியே. மரங்கள்ல இந்தக் குடும்பம் பரவலா எண்டோஃபைட்டா இருக்கு, மரம் சிரமத்துல மாட்டும்போது நோயா மாறுதுங்கிறதுதான் அந்தக் கட்டுரையோட சாரம்.

இதுக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க. காய்ஞ்ச கிளையை வெட்டி லேபுக்கு அனுப்பறோம், லாசியோ இருக்குன்னு ரிப்போர்ட் வருது. பக்கத்துல பச்சையா இருக்கிற கிளையை அனுப்பியிருந்தாலும் அதே ரிப்போர்ட் வந்திருக்கலாம். நோய் இருக்கிற இடத்துலயும் இல்லாத இடத்துலயும் ஒரே பொருள் இருந்தா, அதை மட்டும் வச்சு அதுதான் காரணம்னு சொல்ல முடியாது.

அப்ப எப்படி நிரூபிக்கிறாங்க?

இதுக்கு 1880-கள்லேர்ந்து ஒரு முறை இருக்கு. ஜெர்மனி நாட்டு ராபர்ட் காக், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்சவரு, அவரு பேர்ல வர்ற விதிகள். நோயாளிகிட்டேர்ந்து கிருமியைப் பிரிச்சு எடுக்கணும். அதைத் தனியா வளர்க்கணும். நல்லா இருக்கிற ஒண்ணுக்குள்ள செலுத்தினா அதே நோய் வரணும். அங்கேர்ந்து மறுபடியும் அதே கிருமி கிடைக்கணும். எங்க பாஷையில சொன்னா, பக்கை ரீப்ரொட்யூஸ் பண்ணிக் காட்டாம டிக்கெட்டை மூடக் கூடாது.

இது மாமரத்துல எவ்வளவு முக்கியம்னு ஓமன் நாட்டுக் கதையில தெரியும். மஸ்கட்ல இருக்கிற நம்ம நேயர்கள் அல் பாத்தினா கடலோரத்தைப் பார்த்திருப்பீங்க. 1998 வாக்குல அங்க மாமரங்கள் திடீர்னு வாடிச் சாக ஆரம்பிச்சுது. கிளை காயுது, பிசின் வடியுது, பட்டையில வண்டுத் துளை. செத்த மரங்கள்ல லாசியோ கிடைச்சுது, ஆரம்பத்துல வந்த ஆய்வுகள் அதை இந்த நோயோட சேர்த்துத்தான் பேசின. அப்புறம் பிரிச்செடுத்த பூஞ்சைகளைக் கன்றுகள்ல செலுத்திச் சோதிச்சப்போ, செரட்டோசிஸ்டிஸ்ங்கிற வேற ஒரு பூஞ்சை இந்த வாடலை உண்டாக்குறது உறுதியாச்சு. அந்த ஆய்வு 2006-ல வெளியாச்சு. அடுத்த வருஷமே ஓமன்லயும் பாகிஸ்தான்லயும் இருந்த அந்தப் பூஞ்சையைப் புது இனம்னு சொல்லி செரட்டோசிஸ்டிஸ் மாஞ்சினேகன்ஸ்னு பேர் வச்சாங்க. மாமரப் பட்டையைத் துளைக்கிற ஒரு சின்ன வண்டு அதை மரம் மரமாச் சுமந்துட்டுப் போகுது.

ரெண்டு பூஞ்சையும் ஒரே மரத்துல இருந்துச்சு. அதுல லாசியோ எங்கயும் கிடைக்கிற ஆளு, வேகமாவும் வளரும், அதனால தட்டுல முதல்ல தெரியறது அதுதான். சிகிச்சையும் மாறிடுது பாருங்க. வண்டு சுமக்கிற நோய்னா வண்டைக் கவனிக்கணும், செத்த மரத்தை உடனே அப்புறப்படுத்தணும். லாசியோன்னு மட்டும் நினைச்சு மருந்து அடிச்சுக்கிட்டு இருந்தா, பக்கத்துத் தோட்டமும் போயிடும்.

அதுக்காக லாசியோ அப்பாவின்னு அர்த்தமில்ல. காயம்பட்ட, தண்ணி இல்லாம வாடின மரத்துல அதைச் செலுத்தினா கிளையைக் கொல்லவே செய்யும். சந்தர்ப்பம் பார்த்து அடிக்கிற ஆளு. அதனால நாம கேட்க வேண்டியது, அந்தச் சந்தர்ப்பத்தை யாரு குடுத்தாங்கன்னு.

நம்ம பக்கத்துல மரத்துக்கு என்ன சிரமம்?

மரம் ஒரு பூஞ்சையை உள்ள அடக்கி வைக்கிறதுக்குச் செலவு இருக்கு. காயத்தைச் சுத்திப் புதுத் திசுவால சுவர் எழுப்பணும், பிசின் சுரக்கணும், எதிர்ப்பு ரசாயனம் தயாரிக்கணும். இதுக்கெல்லாம் தண்ணியும் மாவுச்சத்தும் வேணும். ரெண்டும் குறைஞ்சா சுவர் மெதுவா எழும்பும், பூஞ்சை அதைத் தாண்டிப் போயிடும்.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இந்தச் சிரமங்களை எண்ணிப் பார்க்கலாம்.

ஒண்ணு, தண்ணி. 2019 கோடையில சென்னையோட ஏரிகள் வறண்டு கிடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். குடிக்கவே லாரிக்காகக் குடத்தோட நின்ன வருஷத்துல மரத்துக்கு யாரு ஊத்துனாங்க?

ரெண்டு, உப்பு. வடக்க மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்ததால கடல்தண்ணி உள்ள வந்தது பல வருஷமா ஆவணப்படுத்தப்பட்ட விஷயம். கடலோர மணல்ல போர் போட்ட வீடுகள்ல தண்ணி வாயில வச்சாலே தெரியும். மாமரம் உப்பைத் தாங்காத மரம். ஆக பெரியவர் சொன்னதுல நியாயம் இருக்கு.

மூணு, காயம். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையில எத்தனை மரத்தைச் சாய்ச்சுதுன்னு தெரியும். சாயாத மரத்துலயும் கிளை கிழிஞ்சு, பட்டை உரிஞ்சு தொங்குச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ நாள் கணக்குல வேர்ல தண்ணி நின்னுச்சு. தண்ணி தேங்கினாலும் வேர் மூச்சு முட்டும், அதுவும் ஒரு வகை வறட்சிதான். புயல் போக, கம்பிக்காக அவசரமா வெட்டற வெட்டு, துணி காயப்போட அடிச்ச ஆணி, கொடி கட்டின கம்பி, எல்லாமே பூஞ்சைக்குக் கதவு.

நாலு, சிமெண்ட். மரத்தடி வரைக்கும் தளம் போட்டுட்டோம்னா மழைத்தண்ணி வேருக்குப் போகாது. நம்ம ஊர்ல உப்பைக் கழுவிவிடறதே அந்த மழைத்தண்ணிதான்.

இதுல எது எந்த மரத்தை அடிச்சுதுன்னு ரேடியோ ஜோசியம் சொல்ல நான் வரல. உங்க மரத்துக்கு இந்த நாலுல எது பொருந்துதுன்னு நீங்களே பார்க்கலாம்.

வேற ஆளுங்களையும் பார்த்துடுங்க

கிளை காயறதெல்லாம் நுனிக்கருகல் இல்ல. மருந்து வாங்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கழிச்சுக்குங்க.

உப்பு மட்டும்னா, மரம் முழுக்க முதிர்ந்த இலைகளோட நுனியும் ஓரமும் பழுப்பாகும். நுனிக்கருகல்ல ஒரு கிளை கருகி நிக்கும், பக்கத்துக் கிளை பச்சையா இருக்கும்.

தண்டுத்துளைப்பான்னா, அடிமரத்துலயோ கிளையிலயோ துளை இருக்கும், கீழ மரத்தூள் மாதிரி சக்கை கிடக்கும். அது புழு, பூஞ்சை மருந்து வேலைக்காகாது.

புல்லுருவின்னா, மாங்கிளை மேல வேற மாதிரி இலையோட ஒரு செடி ஒட்டி வளரும். அதுக்கு மேல இருக்கிற கிளை நுனி காயும். ஒட்டின இடத்துக்குக் கீழயே கிளையோட சேர்த்து வெட்டணும்.

இளஞ்சிவப்பு நோய்னு ஒண்ணு இருக்கு. பலா, மா, முந்திரி, ரப்பர் எல்லாத்துக்கும் வரும். மழைக்காலத்துல கிளை பிரியற கவட்டையில முதல்ல சிலந்தி வலை மாதிரி வெள்ளையாப் படரும், அப்புறம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ரோஸ் நிறத்துல ஏடு கட்டும், பட்டை வெடிக்கும். இந்தப் பூஞ்சையை 1870-கள்ல இலங்கையிலேர்ந்து போன மாதிரிகளை வச்சுத்தான் பெர்க்லி, புரூம்ங்கிற ரெண்டு ஆங்கிலேயர்கள் முதல்ல விவரிச்சாங்க. சால்மன் மீன் நிறம்னு அர்த்தம் வர்ற மாதிரி பேர் வச்சாங்க.

வேப்பமரத்தைக் கேட்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2021-ல தெலங்கானாவுல வேப்பமரங்கள் கொத்துக் கொத்தாக் கருகினது பெரிய செய்தியாச்சு. அதுல பேசப்படுற பூஞ்சை ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே, லாசியோ இல்ல. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவிடுச்சுன்னு பயந்து மாமரத்தை வெட்ட வேண்டாம்.

சரி, என்ன பண்ணணும்?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்ற வழி எளிமையானதுதான். காய்ஞ்ச பகுதிக்குக் கீழ ரெண்டு மூணு அங்குலம் நல்ல கட்டையையும் சேர்த்து வெட்டணும். வெட்டுவாய்ல காப்பர் ஆக்ஸிகுளோரைடு பூசணும். மரத்துக்கும் 0.3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 3 கிராம் கலந்து தெளிக்கணும். இதுல ஒவ்வொண்ணுக்கும் ஏன்னு தெரிஞ்சா, பண்றவரு தப்பாப் பண்ணா நாமளே தடுக்கலாம்.

ஏன் நல்ல கட்டையோட வெட்டணும்? வெளியில பட்டை காய்ஞ்ச இடத்தைவிடப் பூஞ்சை உள்ள கொஞ்சம் முன்னாடி போயிருக்கும். வெட்டின முகத்தைப் பாருங்க. பழுப்புக் கோடோ புள்ளியோ தெரிஞ்சா இன்னும் கீழ போங்க. முழுக்க வெளுப்பா இருக்கிற இடம்தான் சரியான இடம்.

மழை இல்லாத நாள்ல வெட்டுங்க. ஈரத்துலதான் வித்து பரவும், புது வெட்டுல ஒட்டும்.

கத்தி, ரம்பத்தை ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவுல ஸ்பிரிட்டால துடைங்க. மரம் வெட்டற அண்ணன் முந்தின தெருவுல வேற மரம் வெட்டிட்டு வந்திருப்பாரு. கோவிக்காம ஒரு துணியும் பாட்டிலும் குடுத்துடுங்க.

வெட்டின கிளையை மரத்தடியில குவிக்காதீங்க. செத்த கட்டையிலதான் அந்தக் கறுப்புப் புள்ளி முளைக்கும். அடுத்த மழைக்கு முன்னாடி அப்புறப்படுத்திடுங்க.

வெட்டுவாய்ல போர்டோ பசையும் பூசலாம். 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு, 1 லிட்டர் தண்ணி. அரை லிட்டர்ல துத்தத்தைக் கரைங்க, இன்னொரு அரை லிட்டர்ல சுண்ணாம்பைக் கரைச்சு ஆற விடுங்க, ரெண்டையும் மூணாவது பாத்திரத்துல ஒண்ணா ஊத்திக் கலக்குங்க. பிளாஸ்டிக் வாளியோ மண்சட்டியோ போதும், இரும்புப் பாத்திரம் கூடாது. கலக்கினதுல ஒரு இரும்புக் கத்தியை முக்கி எடுங்க. அதுல செம்பு நிறம் படிஞ்சா துத்தம் அதிகம், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கணும். அன்னிக்குப் பண்ணதை அன்னிக்கே பூசிடுங்க.

இந்தக் கலவையோட கதையும் சுவாரசியம். 1882-ல பிரான்ஸ்ல போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டங்கள்ல, வழியில போறவங்க பழம் பறிக்கக் கூடாதுன்னு ரோட்டோரக் கொடிகள்ல துத்தமும் சுண்ணாம்பும் தெளிச்சிருந்தாங்க. அந்தக் கொடிக்கு மட்டும் இலைநோய் வரலங்கிறதை மில்லார்டேங்கிற பேராசிரியர் கவனிச்சாரு. சோதனை பண்ணி 1885-ல வெளியிட்டாரு. திருடனுக்காகத் தெளிச்சது, பூஞ்சைக்கு ஆச்சு.

ரெண்டு எச்சரிக்கை. துத்தம் விஷம். கையுறை போடுங்க, குழந்தைங்க பக்கத்துல வேண்டாம், கிணறு, மீன்தொட்டி, தண்ணித்தொட்டியை மூடிட்டு வேலை பாருங்க, பறிக்கப் போற காய் மேல தெளிக்காதீங்க. அடுத்தது, கிளை வெட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி. சும்மா சொல்லல. இதே லாசியோ மனுஷக் கண்ணோட கருவிழியில புண் உண்டாக்கின கேஸ்கள் இந்தியாவுலயே பதிவாகியிருக்கு. குச்சியோ இலையோ கண்ணுல பட்டு, ரெண்டு நாள் கழிச்சும் சிவப்பும் வலியும் இருந்தா, மெடிக்கல் ஷாப்ல சொட்டு மருந்து வாங்காம நேரா கண் டாக்டர்கிட்ட போங்க.

மருந்தால முடியாதது

நர்சரியில குடுக்கிற தெளிப்பு மருந்து இலை மேலயும் பட்டை மேலயும் இருக்கிற வித்து முளைக்காம தடுக்கும். செம்பு மருந்து மரக்கட்டைக்குள்ள போகாது. உள்ள குடியிருக்கிற பூஞ்சையை அது தொடவே தொடாது. கிளையை வெட்டாம, தண்ணியைச் சரி பண்ணாம, மாசாமாசம் மருந்து மட்டும் அடிக்கிறது, மெமரி லீக்கை வச்சுக்கிட்டு தினமும் சர்வரை ரீஸ்டார்ட் பண்ற மாதிரி. காசுதான் போகும்.

செய்ய வேண்டியது கீழ, வேர்ல இருக்கு. அடிமரத்தைச் சுத்தி முடிஞ்ச அளவு சிமெண்டை உடைச்சு மண்ணைத் திறந்து விடுங்க. தண்ணியை அடிமரத்துல ஊத்தாம, கிளை நிழல் விழற வட்டத்தோட ஓரத்துல ஊத்துங்க. உறிஞ்சற வேர் நிறைய அங்கதான் இருக்கு. தினமும் ஒரு சொம்பைவிட, கோடையில வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை ஆழமா இறங்கற மாதிரி ஊத்துறது நல்லது. போர்த்தண்ணி உப்புன்னா, அரிசி களைஞ்ச தண்ணி, சோப்பு கலக்காத கழுவுதண்ணியைச் சேர்த்து வையுங்க. காய்ஞ்ச இலையை மூடாக்காப் போடுங்க, நோய் வந்த கிளையோட இலை மட்டும் வேண்டாம். மொட்டைமாடி மழைத்தண்ணிக் குழாயை மரத்தடிப் பக்கம் திருப்ப முடிஞ்சா, வடகிழக்குப் பருவமழை உப்பைக் கழுவிக் கீழ இறக்கும். தண்ணி தேங்காம வடிய வழியும் இருக்கணும்.

காலடிப்பேட்டை அக்காவுக்குப் பதில்

அக்கா, உங்க மரத்துல ரெண்டு வருஷத்துல நாலு கிளை. அடிமரம் நல்லா இருக்கு, இந்த வருஷமும் தளிர் விட்டிருக்குன்னு சொல்லியிருந்தீங்க. அப்படின்னா வெட்டிச் சாய்க்க வேண்டிய நிலைமை இல்ல. நர்சரிக்காரர், பெரியவர் ரெண்டு பேர் சொன்னதும் ஒரே கதையோட ரெண்டு பாதி. உப்பும் வறட்சியும் மரத்தைத் தளர்த்தும், உள்ள இருந்த பூஞ்சை அந்த நேரம் பார்த்துக் கிளையை எடுக்கும். கிளையை வெட்டுங்க, பசை பூசுங்க, வேரைக் கவனிங்க, ரெண்டு பருவம் பொறுங்க.

அண்ணன்கிட்டயும் ஒண்ணு சொல்லுங்க, அவரு பயமும் நியாயமானதுதான். அடிமரத்தைச் சுத்திப் பட்டை வெடிச்சு வளையமா கறுத்துட்டா, பாதிக்கு மேல கிளை செத்துட்டா, மரம் வீட்டுப் பக்கமோ மின்கம்பிப் பக்கமோ சாய ஆரம்பிச்சா, அப்போ ஆளைக் கூப்பிட்டுக் காட்டி, எடுக்கறதைப் பத்தி யோசிக்கலாம். சில நாள்லயே மரம் முழுக்க வாடினாலும் தாமதிக்காதீங்க. அது வேற நோயா இருக்கலாம், பக்கத்து மரங்களுக்கும் ஆபத்து.

மத்தவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிளை காயுதுன்னா முதல் வேலையா தேதியோட போட்டோ எடுங்க. எந்தக் கிளை, எந்த மாசம், அதுக்கு முன்னாடி மழையா வெயிலா, யாராவது கிளை வெட்டினாங்களா, போர் தண்ணி மாறுச்சான்னு ஒரு நோட்டுல எழுதுங்க. தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்குப் போனாலும், 1800-180-1551 கிசான் கால் சென்டருக்குத் தமிழ்ல பேசினாலும், அவங்க கேட்கப் போற முதல் கேள்விகள் இதுதான். பூஞ்சை பேரை லேப்ல கண்டுபிடிச்சுக்கலாம். மரம் எப்போ, எதனால தளர்ந்துச்சுங்கிற தகவல் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.

கேள்விகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, மரத்தோட போட்டோவும் சேர்த்து. அடுத்த எபிசோடுல பார்க்கலாம், வணக்கம்.